டெக்சாஸில் நான்கு பிள்ளைகளோடு ஹோம்ஸ்கூல்: புதிதாக வந்தவர்களுக்கு

டாலஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் இரண்டு குடும்பங்கள் இந்த மாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. “அக்கா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நாமே ஹோம்ஸ்கூல் பண்ணலாமா? மூன்று பேரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறது?” போனில் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்து வருகிறவர்களுக்கும் உதவும். எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு 13, அடுத்தவனுக்கு 10, மூன்றாமவளுக்கு 7, கடைக்குட்டிக்கு 4 வயது. வீட்டிலேயே படிக்க ஆரம்பித்து இது ஆறாவது வருடம்.

முதலில் சட்டம். டெக்சாஸில் ஹோம்ஸ்கூல் என்பது தனியார் பள்ளிக்குச் சமம். 1994-இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்துவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக இருக்கும் பண்பு ஆகிய ஐந்தையும் ஒரு பாடத்திட்டம் வைத்து, பெயருக்கு இல்லாமல் உண்மையாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கும் பதிவு செய்ய வேண்டாம், அரசுத் தேர்வு கிடையாது, ஆசிரியர் பட்டமும் கேட்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை ஏற்கெனவே பப்ளிக் ஸ்கூலில், அதாவது இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்தால் சும்மா நிறுத்திவிடாதீர்கள். இன்ன தேதியிலிருந்து வீட்டில் படிக்க வைக்கிறோம் என்று பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைச் செய்யாமல் விட்டது. பிள்ளை வரவில்லை என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்து, அந்தத் தாய் ஒரு மாதம் தூக்கமில்லாமல் இருந்தார்.

இது டெக்சாஸ் கதை மட்டும்தான். நியூ ஜெர்சியிலும் யாருக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 1 முதல் 15-க்குள் ஒரு உறுதிமொழிப் படிவம் தாக்கல் செய்யும் வழி இருக்கிறது. நியூயார்க்கில் வருடத் திட்டமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைக் கோப்பாகச் சேர்த்து ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். ப்ராஜெக்ட் மாறி வேறு மாநிலம் போவதென்றால் வீடு தேடும்போதே இதையும் பாருங்கள். ஜெர்மனிக்கு மாறுகிறவர்கள் இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும், அங்கே பிள்ளை பள்ளிக்குப் போவது கட்டாயம்.

விசா பற்றி நிறையப் பேருக்குப் பயம் இருக்கிறது. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவி, பிள்ளைகளுக்கான விசா) இருக்கும் பிள்ளை வீட்டில் படித்தால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. கவனமாக இருக்க வேண்டியது அம்மாதான். “உங்கள் பிள்ளைகளோடு என் மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாதம் இவ்வளவு தருகிறேன்” என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். எச்-4-இல் இருந்துகொண்டு வேலை அனுமதி அட்டை இல்லாமல் காசு வாங்கினால் அது அனுமதியில்லாத வேலை. கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) அனுமதி கிடைத்திருந்தால் நீங்கள் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், 2015 முதல் அந்த வழி உண்டு. அதுவரை ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன் இன்னும் இரண்டு விஷயம், இவை சட்டத்தில் இல்லாதவை. ஒன்று, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுங்கள். இந்த ஊரில் நூலகத்துக்கு நடந்து போக முடியாது, பூங்காவுக்குப் பஸ் இல்லை. கார் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு காலை முதல் மாலை வரை அபார்ட்மெண்டுக்குள் இருப்பது தாய்க்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. பாடப்புத்தகம் அப்புறம் வாங்கலாம், லைசென்ஸ் முதலில். இரண்டு, ஊரில் தமிழ் வழியில் படித்த பிள்ளை, ஆங்கிலம் இன்னும் வரவில்லை என்றால், ஒரு வருடம் பப்ளிக் ஸ்கூலுக்கு அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கென்று தனியாக இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் பெரும்பாலும் போதும்.

சரி, நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு நாள் எப்படி ஓடுகிறது?

மூன்றாவது வருடம் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். மூத்தவளுக்கு ஆறு பாடம், பையனுக்கு ஆறு பாடம், எல்லாம் தனித்தனியாக, மணி அடித்தாற்போல அட்டவணை. நாளைக்குப் பன்னிரண்டு பாடம், இடுப்பில் கைக்குழந்தை. நவம்பர் வரைக்கும் இழுத்தேன். ஒரு நாள் பையன் கழித்தல் கணக்கை வைத்துக்கொண்டு அழுதான், நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அன்று ராத்திரி கணவரும் நானும் எல்லாப் பாடங்களையும் ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரித்தோம். படிப்படியாக ஏற வேண்டியவை ஒரு பக்கம்: கணக்கு, வாசிப்பு, எழுத்து. இவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில்தான் நிற்கும், தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். சேர்ந்து படிக்கக்கூடியவை இன்னொரு பக்கம்: அறிவியல், வரலாறு, பூகோளம், ஓவியம், தமிழ். அன்றிலிருந்து நாளைக்குப் பன்னிரண்டு பாடம் என்ற சுமை வெகுவாகக் குறைந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

சேர்ந்து படிப்பது என்றால் எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். க்ளென் ரோஸ் ஊரில் டைனோசர் வேலி என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது, இங்கிருந்து இரண்டு மணி நேரம் காரில். பலூக்ஸி ஆற்றுப் படுகையில் சுமார் 11 கோடி வருடத்துக்கு முன் நடந்துபோன டைனோசர்களின் காலடித் தடங்கள் கல்லில் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் குறைவாக இருக்கும்போது போனால் தடத்துக்குள் நின்றே பார்க்கலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கடைக்குட்டி தன் காலைத் தடத்துக்குள் வைத்துப் பார்த்தான். ஏழு வயதுக்காரி படம் வரைந்தாள். பையன் டேப் வைத்து ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தான். மூத்தவள் வீட்டுக்கு வந்து, சேறு எப்படிக் கல்லாகிறது என்று இரண்டு பக்கம் எழுதினாள். ஒரே பாடம், நான்கு பேருக்கும் அவரவர் வேலை.

வழக்கமான நாள் இப்படிப் போகும். ஞாயிறு மாலை மாவு அரைத்துவிடுவேன், குழம்பு முந்தின ராத்திரியே தயார். காலையில் சமையலும் பாடமும் ஒன்றாக நடக்காது, அதை முயற்சியே செய்யாதீர்கள். எட்டரை மணிக்கு ஊரில் இருக்கும் அத்தையோடு, அதாவது என் மாமியாரோடு வீடியோ கால், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அப்புறம் கணக்கு. ஒரு பிள்ளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் நான் பக்கத்தில் உட்காருவேன், மற்றவர்கள் தனியாகச் செய்யக்கூடிய வேலையோடு இருப்பார்கள். மூத்தவள் சின்னவளுக்கு வாசித்துக் காட்டுவாள். அது அவளுக்கும் படிப்புதான், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அவளிடம் அந்தப் பொறுப்பை விடமாட்டேன். மூத்த பெண் குட்டி அம்மாவாகிவிடக் கூடாது. நம் வீடுகளில் இது தெரியாமலே நடந்துவிடும்.

நான்கு வயதுக் குழந்தையை என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. முதல் அரை மணி நேரம் அவனுக்குத்தான். மடியில் வைத்துக் கதை படித்து மனம் நிறைய நேரம் கொடுத்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் தன் பாட்டுக்கு விளையாடுவான். கவனிக்காமல் விட்டால் நாள் முழுக்கக் காலைச் சுற்றுவான். தட்டில் பருப்பு, பயறு போட்டுப் பிரிக்கச் சொல்லும் விளையாட்டை மட்டும் நீங்கள் கூடவே இருக்கும்போது கொடுங்கள். மூன்று வயதில் இவன் மூக்கில் கொண்டைக்கடலையைப் போட்டுக்கொண்டு, எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியதாயிற்று.

மதியம் சாப்பிட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் அமைதி நேரம். ஆளுக்கொரு இடத்தில் புத்தகமோ தூக்கமோ, எதுவானாலும் சத்தமில்லாமல். நான் படுத்துவிடுவேன். பாத்திரம் தேய்க்க மாட்டேன், துணி மடிக்க மாட்டேன். இதை வெட்கப்படாமல் செய்யுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் லீவு எடுத்து வீட்டுக்குப் போக முடியாது. மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பியதும் நம் பிள்ளைகளும் வெளியே போய்விட வேண்டும், தெருவில் நண்பர்கள் கிடைப்பது அந்த நேரத்தில்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூத்தவளுக்கு அல்ஜீப்ராவும் அறிவியலும் அவள் அப்பாவோடு. வேலை முடிந்து களைத்து வரும் மனிதர்தான், ஆனாலும் இது அவருடைய பாடம் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டோம். கணவர் ஒரு பாடத்தையாவது எடுக்காத வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது அத்தை விஷயம். கோடையில் இங்கே காலை எட்டரை என்றால் ஊரில் மாலை ஏழு, குளிர்காலத்தில் எட்டு. மன்னார்குடியில் விளக்கேற்றிவிட்டு உட்காருவார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த நேரம் கிடைக்காது, எங்களுக்குக் கிடைக்கிறது. பாட்டி பேசுவதைக் கேட்டு, மூன்று பேரும் தமிழ் நோட்டில் அவரவருக்கு வந்த அளவு எழுத வேண்டும். சின்னவள் ஐந்து வார்த்தை, பையன் ஐந்து வரி, மூத்தவள் ஒரு பக்கம். ஒரு நாள் அறுவடை பற்றிப் பேச்சு வந்தது. நெல் அளக்கும்போது 12 மரக்கால் ஒரு கலம் என்று பாட்டி சொன்னதும், பையன் அன்றைய பெருக்கல் கணக்கு முழுவதையும் மரக்காலிலேயே போட்டான். இலக்கணத்துக்குத் தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் இதில் அலட்சியமாக இருக்காதீர்கள். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் அங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். ஏழாவது வகுப்பில் போய் ‘அ’னா, ‘ஆ’வன்னா தொடங்கினால் பிள்ளை பாவம். நடுவில் திரும்பினால் தேசியத் திறந்தவெளிப் பள்ளியும் ஒரு வழி, 14 வயது நிறைந்தால் அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

பதிவேடு யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதி வையுங்கள். என்ன படித்தார்கள், எந்தப் புத்தகம், தேதியோடு. பிறகு பப்ளிக் ஸ்கூலில் சேர்க்கப் போனால் தேர்வு வைத்து வகுப்பை முடிவு செய்யலாம், தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு வயதிலிருந்து மதிப்பெண் பட்டியலை நீங்களே தயாரிக்க வேண்டும், கல்லூரிகள் அதைப் பார்க்கும், பல கல்லூரிகள் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணையும் பார்க்கும். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புள்ள உள்ளூர்க் கல்லூரி) பள்ளி வயதிலேயே சில பாடங்கள் எடுக்கலாம், மூத்தவளுக்கு எங்கள் திட்டம் அதுதான்.

கோ-ஆப் என்று பல குடும்பங்கள் வாரம் ஒருநாள் கூடி, பெற்றோரே வகுப்பு எடுப்பார்கள். சேருங்கள், தனியாகச் செய்யாதீர்கள். இங்கே பல கோ-ஆப்கள் கிறிஸ்தவ அமைப்புகள். சிலவற்றில் மத நம்பிக்கை உறுதிமொழியில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அதில் தவறில்லை, உங்களுக்கு ஒத்துவருமா என்று பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள். எல்லா மதத்தவரையும் சேர்க்கும் குழுக்களும் இருக்கின்றன.

ஊரில் உறவினர்கள் கேட்பார்கள். “பள்ளிக்கூடமே போகாத பிள்ளையா?” என் மாமியாரே முதல் இரண்டு வருடம் வருத்தப்பட்டார். நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, காலை எட்டரைக்கு போன் போட ஆரம்பித்தேன். இப்போது ஒரு நாள் கால் வரவில்லை என்றால் “வாத்தியார் வந்தாச்சு, பிள்ளைகள் எங்கே?” என்று அவரே கூப்பிடுகிறார்.

கடைசியாக, பள்ளி நாட்காட்டியை அப்படியே பின்பற்றாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், வெளியே விளையாடவே முடியாது. நாங்கள் அப்போது முழுமூச்சாகப் படித்துவிட்டு, இதமான அக்டோபரிலும் ஏப்ரலிலும் விடுமுறை எடுக்கிறோம். ஏப்ரல் நடுவில் எனிஸ் ஊர்ப் பக்கம் ப்ளூபானெட் பூக்கள் வயல் முழுக்க நீலமாகப் பூத்திருக்கும். சனி, ஞாயிறில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள், பூக்களுக்கு நடுவில் பாம்பு இருக்கலாம், பிள்ளைகளுக்கு ஷூ போட்டுவிடுங்கள்.