பஸ் நேரம் எழுதிவைக்கும் பையன்: இதற்குள் ஏதாவது திறமை இருக்கிறதா?

வத்தலக்குண்டு அப்பா:
என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பஸ் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஸ்டேஷனரி கடை. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில் பஸ் நேரங்களை எழுதுவான். திண்டுக்கல், பெரியகுளம், கொடைக்கானல் என்று ஊருக்கு ஒரு பக்கம். அரசுப் பஸ்ஸுக்குப் பச்சை மை, தனியாருக்குச் சிவப்பு. நிறுத்தங்களைப் புள்ளி வைத்துக் கோடும் இழுப்பான். போன வாரம், "ஏன் அப்பா, 5 நிமிடத்தில் இரண்டு பஸ் வருகிறது, பிறகு 55 நிமிடம் ஒன்றுமே இல்லை?" என்று கேட்டான்.

கணக்கில் 60 மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. "டிரைவர் வேலைக்குத் தயாராகிறான்" என்று மைத்துனர் கேலி செய்கிறார் (டிரைவர் வேலை என்ன கேவலமா?). இது வெறும் பஸ் பைத்தியமா, வேறு ஏதாவதா? 2,000 ரூபாய் கட்டினால் திறனறி சோதனை செய்து அறிக்கை தருவதாக ஒருவர் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற நில அளவர்:
அந்த 2,000 ரூபாய் உங்கள் கல்லாவிலேயே இருக்கட்டும் ஐயா. சோதனைத்தாள் அந்த பில் புத்தகம்தான், பையனே எழுதிக் கொடுத்துவிட்டான்.

'பஸ்' என்பதைச் சற்று ஒதுக்கிவிட்டு, அவன் அதில் என்னென்ன வேலை செய்கிறான் என்று பாருங்கள். விவரம் திரட்டுகிறான். வகை பிரிக்கிறான். படம் வரைகிறான். ஏன் இப்படி என்று கேட்கிறான். இவற்றில் எதை யாரும் சொல்லாமலே அடித்துத் திருத்தி மறுபடி செய்கிறான்? கோடு கோணினால் கிழித்துப்போட்டு வரைகிறான் என்றால் அது வேறு பையன். கோடு எப்படிப் போனாலும் கவலைப்படாமல், 55 நிமிட இடைவெளியே தலையைக் குடைகிறது என்றால் அது வேறு பையன். முன்னவன் அளவை, வரைபடம் பக்கம் போவான். பின்னவனுக்குப் போக்குவரத்துத் திட்டமிடல்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மேஸ்திரியிடம் 30 மீட்டர் டேப் வாங்கி, உங்கள் தெருவை அளந்து 1:500 அளவில் வரையச் சொல்லுங்கள். தெருவில் 30 மீட்டர் என்பது தாளில் 6 சென்டிமீட்டர். அரை மணி நேரத்தில் டேப்பைச் சுருட்டிவிட்டு ஓடுகிறானா, இருட்டும்வரை நிற்கிறானா என்று பாருங்கள். கூடவே நின்று திருத்தாதீர்கள்.

படிப்பு என்றால், பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐயில் சர்வேயர் பிரிவு, பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு சிவில் டிப்ளமோ இரண்டும் உண்டு. நில அளவர், வரைவாளர் வேலைகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. பிளஸ் டூ முடித்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (நில வரைபடத் தகவல்களைக் கணினியில் கையாளும் படிப்பு). அந்தக் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்ததுதான்! எங்கள் தொழிலை இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

கணக்கு டீச்சர்:
நில அளவர் ஐயா பையனுக்கு இப்போதே வேலை வாங்கிக் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் ஆசை பத்தாம் வகுப்பில் மாறலாம். "இவன் பிளானர் ஆகப்போகிறான்" என்று சொந்தக்காரர்களிடம் அறிவித்துவிடாதீர்கள். மாற நினைத்தாலும் பிள்ளைக்கு வாய் வராது.

ஆனால் அந்த 55 நிமிடக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். அது முழுக்க முழுக்கக் கணக்கு. நிமிடத்துக்கு ஒருவர் நிறுத்தத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். அதே இரண்டு பஸ் 5, 55 என்று வந்தால்? 5 பேர் சராசரியாக 2.5 நிமிடம் நிற்கிறார்கள், 55 பேர் 27.5 நிமிடம். மொத்தத்தை 60ஆல் வகுத்தால் 25 நிமிடத்துக்குமேல் வரும். பஸ் ஒன்றுகூடக் குறையவில்லை, டீசலும் அதேதான்; ஜனம் மட்டும் கூடுதலாகப் பத்து நிமிடம் வெயிலில் நிற்கிறது. இதை அவனையே போடச் சொல்லுங்கள். திட்டமிடலில் பட்டப்படிப்பான பி.பிளான் சேர ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் தனித் தாள் உண்டு, அதிலும் கணக்கு இருக்கிறது. 60 மதிப்பெண் என்பது முடிந்துபோன தீர்ப்பு இல்லை.

பெங்களூரு தம்பி:
நான் பஸ் தரவுகளோடு வேலை செய்கிறவன். மொபைல் வரைபடத்தில் பஸ் நேரம் தெரிகிறதே, அதற்கு ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு வடிவம் இருக்கிறது. 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் நிறுத்தங்களுக்கு ஒன்று, வழித்தடங்களுக்கு ஒன்று, நேரங்களுக்கு ஒன்று என்று சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். உங்கள் மகன் பச்சை, சிவப்பு மையில் எழுதுவதும் ஏறக்குறைய அதேதான். விரிதாளில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுங்கள் அண்ணா, மற்றதை அவனே தேடிக்கொள்வான்.

வத்தலக்குண்டு அப்பா:
ஞாயிற்றுக்கிழமை டேப் வாங்கிக் கொடுத்தேன். நேராகப் போகும்வரை நன்றாக அளந்தான். பிள்ளையார் கோவில் பக்கம் தெரு வளைகிறது, அங்கே நின்றுவிட்டான். எவ்வளவு வளைகிறது என்று எப்படி அளப்பது என்கிறான். எனக்கும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற நில அளவர்:
கோணம் அளக்கும் கருவியே வேண்டாம். வளைவு முனையில் ஓர் ஆணி. வந்த தெருவில் 10 மீட்டர் பின்னால் ஓர் ஆணி, திரும்பும் தெருவில் 10 மீட்டர் தள்ளி இன்னொன்று. கடைசியாகச் சொன்ன இரண்டு ஆணிகளுக்கும் இடையே உள்ள நேர்தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்று பக்கமும் கிடைத்துவிட்டால் காம்பஸ் வைத்து முக்கோணத்தைத் தாளில் வரைந்துவிடலாம், கோணம் தானாக விழும். வீட்டுப் பத்திரத்தோடு புலப்படம் (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் படம்) வைத்திருப்பீர்களே, அதையும் எடுத்துக் கொடுங்கள். வரைந்ததும் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.