சின்ன ஊர் மியூசியத்தில் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

ஊர் வரலாற்று அருங்காட்சியகம் என்றால் பலரும் போன வேகத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். துருப்பிடித்த பூட்டு, தட்டச்சுப் பொறி, தையல் மெஷின், மங்கிப்போன குழுப் புகைப்படம்... எங்கே போனாலும் இதுதானே என்ற சலிப்பு. எனக்கோ இந்த மாதிரி இடங்கள்தான் பிடிக்கும். அதில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய கட்டடத்தில் இரண்டே அறைகள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். முன்கூட்டியே போன் செய்திருந்ததால் வந்து திறந்துவிட்டார். (இப்படிப்பட்ட இடங்களுக்குச் சொல்லாமல் போனால் பூட்டைத்தான் பார்க்க முடியும்.)

முதல் அறையில் ஒரு சிங்கர் தையல் மெஷின். பக்கத்தில் இருந்த அட்டையில் ‘200 ஆண்டு பழமையானது’ என்று போட்டிருந்தது. சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியதே 1851-ல்தான். குனிந்து அடிப்பகுதியில் பொறித்திருந்த வரிசை எண்ணைப் பார்த்தேன். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தது. அந்த நிறுவனம் எண்ணுக்கு முன் எழுத்துப் போட ஆரம்பித்தது 1900-லிருந்து. ஆக, எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் இருநூறு வராது.

“சார், இது...” என்று இழுத்தேன்.

“தெரியும் சார். கொடுத்த குடும்பம் அப்படித்தான் சொல்லுது. அட்டையை மாத்தினா மெஷினைத் திருப்பிக் கேப்பாங்க” என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து, வந்து சேர்ந்த பொருள்களையெல்லாம் குறித்துவைக்கும் தடித்த பதிவேடு ஒன்றை எடுத்து, அந்த மெஷினுக்கான பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிறிய எழுத்தில் அவர் கைப்பட: ‘1900-க்குப் பிந்தையது. குடும்பத்தார் ஏற்கவில்லை.’

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்கு மீதி நேரம் முழுக்க நான் பார்த்தது அந்தப் பதிவேட்டைத்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் 1987.14.3 என்பதுபோல மூன்று பகுதி எண் இருந்தது. முதலில் பொருள் வந்து சேர்ந்த வருடம், அடுத்தது அந்த வருடத்தில் வந்த எத்தனையாவது நன்கொடை, கடைசியில் அதற்குள் எத்தனையாவது பொருள். உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்களில் இதே முறைதான். மெஷினின் பின்பக்கத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். முதலில் மெல்லிசாக ஒரு வார்னிஷ் பூச்சு, அதன்மேல் பொடி எழுத்தில் மையால் எண். நாளைக்குத் துடைத்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் பூச்சோடு சேர்ந்து வந்துவிடுமாம்.

பதிவேட்டைப் புரட்டப் புரட்ட வேறு ஒன்று தெரிந்தது. ‘கொடுத்தவர்’ என்ற பத்தியில் திரும்பத் திரும்ப நாலைந்து குடும்பங்களின் பெயர்களே வந்தன. ஒரு குடும்பம் ‘எங்கள் பொருள்கள் எப்போதும் பார்வையில் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தது. அதனால்தான் இரண்டாவது அறையில் பாதியை ஒரே வீட்டின் வெள்ளிப் பாத்திரங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. உழைத்தவர்களின் மண்வெட்டியும் கூடையும் தேயத் தேயப் பயன்பட்டு அப்படியே தீர்ந்துபோயிருக்கும். அவற்றை யார் கொண்டுவந்து கொடுப்பது? பெரிய வீடுகளில் மிஞ்சியதையே ஊரின் வரலாறு என்று காட்டுகிறோமோ என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதனால்தான் இப்போது பொருளை விட்டுவிட்டு, வயதானவர்கள் பேசுவதைப் பதிவு செய்கிறாராம்.

வெளிச்சம் போதவில்லை என்று குறை சொல்பவர்களுக்கு ஒன்று. காகிதம், துணி, பழைய புகைப்படம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் சுமார் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது பொதுவான வழக்கம். ஒளியால் வரும் மங்கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், போன நிறம் திரும்பாது. அங்கே புகைப்படப் பெட்டிகளின் மேல் கறுப்புத் துணி தொங்கியது. தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிட வேண்டும். செலவில்லாத வழி, எனக்கு ரொம்பப் பிடித்தது.

அவருக்குப் பெரிய தலைவலி அந்தப் புகைப்படங்கள்தான். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, பாதிக்கு மேல் பெயரே கிடையாது. நாற்காலியில் மிடுக்காக உட்கார்ந்திருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். “வீட்ல இருக்கிற படத்துக்குப் பின்னாடி பேர் எழுதி வைங்க சார். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சில் போதும்” என்றார். பிளாஸ்டிக் பூச்சுள்ள இந்தக் காலத்துப் படங்களில் பென்சில் பிடிக்காது, அவற்றுக்குப் படங்களுக்கென்றே விற்கும் பேனா வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிப் பதிவேட்டைக் காட்டிய பொறுப்பாளர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலான இடங்களில் கேட்டால் காட்டுகிறார்கள், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.