கோட்டை நிலையத்துக்கு அடியில் ஒபிஸ் ரயிலுக்குத் தனி நிலையம்: வன்னிப் பயணிக்கு என்ன கிடைக்கும்?

ஓமந்தைக் கைகாட்டி:
கொழும்புக் கோட்டையில இனி மேல இடமில்லை. மருதானைக்கும் கோட்டைக்கும் இடையில 2 கி.மீ. அளவுதான். அதுக்குள்ள பிரதான பாதை, புத்தளம் பாதை, களனிவெளிப் பாதை எல்லாம் வந்து நெரிபடுது. மற்றப் பக்கத்தால கரையோரப் பாதை. காலமை ஒபிஸ் ரயில்கள் அடுத்தடுத்து வந்து மேடையைப் பிடிக்க, வடக்கிலிருந்து வாற ரயில் மருதானைக்கு வெளியால சிவப்பு சிக்னலில நிக்கும்.

என்ர யோசனை இதுதான். கோட்டைக்குக் கீழ 4 தண்டவாளம், ரெண்டு பக்கமும் ரயில் நிக்கிற 2 நடு மேடை. ஒபிஸ் ரயில் முழுக்கக் கீழ போகட்டும், தூர ரயில் மட்டும் மேல நிக்கட்டும். கீழ வாற ரயில் ஒரு நிமிசம் நிண்டு நேராப் போகும். எஞ்சின் இழுக்கிற ரயில் கோட்டையில முடிஞ்சால் எஞ்சினைக் கழட்டி, மறு நுனிக்குக் கொண்டுபோய்க் கொழுவி, பிரேக் சோதிச்சு முடிய 15 தொடக்கம் 20 நிமிசம் மேடை கட்டுப்படும். அந்த நேரத்துக்குள்ள கீழ 7, 8 ரயில் போயிடும். சூரிச் பிரதான நிலையத்தில 1990 மே மாதம் இதைத்தானே செய்தவை?

மாங்குளம் சந்தி:
சூரிச்சையும் கோட்டையையும் ஒரே தராசில வைக்க ஏலாது அண்ணை. சூரிச்சில நிலமட்டத்தில இருக்கிற 3 தொடக்கம் 18 வரைக்கும் எல்லாம் முட்டுப் பாதை. உள்ள போன ரயில் வந்த வழியாலதான் திரும்பவேணும். கோட்டை அப்பிடியில்லை. கரையோரப் பாதை கொம்பனித்தெருப் பக்கம் தொடர்ந்து போகுது. கல்கிசையிலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில் விட்டபோது அது கோட்டைக்குள்ளால ஊடறுத்துத்தானே போனது? ரயில் கோட்டையில முடியிறதுதான் சிக்கல் எண்டால் முடிக்காமல் விடுங்கோ. அதுக்குக் குழி வெட்டத் தேவையில்லை.

வடக்கு ரயில் பிந்துறதுக்குக் காரணமும் கோட்டை இல்லை. பொல்கஹவெலவுக்கு இங்கால ஒற்றைப் பாதை. கணக்கைப் பாருங்கோ. ரெண்டு நிலையத்துக்கு இடையில 12 கி.மீ. எண்டு வைப்பம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில 12 நிமிசம். வேகம் குறைக்க, ரயிலைத் தண்டவாளம் மாத்திவிடுற பொயின்ற்ஸ் மாற, சிக்னல் விழ இன்னும் 3 நிமிசம். மணித்தியாலத்துக்கு ரெண்டு திசைக்கும் சேர்த்தே 4 ரயில்தான் போகும். ஒண்டு 10 நிமிசம் பிந்தினால் எதிரில வாறது 10 நிமிசம் காத்து நிக்கும், அது தன்ர அடுத்த குறோசிங்கில, அதாவது எதிர் ரயிலுக்கு விலத்துற இடத்தில, இன்னொண்டைப் பிடிச்சு வைக்கும். கோட்டையில 5 நிமிசம் மிச்சம் பிடிச்சு என்ன பலன்?

முள்ளியவளை:
இருவருக்கும் ஒரு திருத்தம். சூரிச் பிரதான நிலையத்துக்கு அடியில் 1990இல் திறந்த மியூசியம்ஸ்ட்ராஸ நிலையத்தின் பெறுமதி அதன் 4 மேடைப் பாதைகளில் இல்லை. அதிலிருந்து புறப்பட்ட சுரங்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன் நகரின் இன்னொரு நிலையமான ஸ்டாடல்ஹோபன் பக்கம் போகிற ரயில் முட்டுப் பாதையில் நின்று, திரும்பி, லெட்டன் வழியாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றியது. புதிய சுரங்கம் நகரின் அடியால் நேராகப் போனது. அதே பிரதான நிலையத்தின் அடியில் 2014 ஜூனில் திறந்த லோவன்ஸ்ட்ராஸ நிலையமும் அப்படியே: நிலத்துக்கு 16 மீற்றர் கீழே, 4 முதல் 9 வரையான பாதைகளுக்கு அடியில், 420 மீற்றர் நீள மேடைகள். அதோடு ஓர்லிகோன் வரை 4.8 கி.மீ. வைன்பேர்க் சுரங்கம். நிலையம் மட்டும் கட்டி, சுரங்கத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் அது வெறும் நிலவறைதான்.

ரயில் நிலையத்துக்குக் கழுத்து என்று ஒன்று உண்டு. எல்லாப் பாதைகளும் பிரிகிற அந்த இடம் ஒடுங்கியிருந்தால் உள்ளே எத்தனை மேடை இருந்தும் பயனில்லை. ஸ்டொக்ஹோமில் மத்திய நிலையத்துக்குத் தெற்கே 1871 தொடக்கம் 2 தண்டவாளங்களே இருந்தன. 2017 ஜூலையில் 6 கி.மீ. சுரங்கம் திறந்து புறநகர் ரயில் முழுவதையும் கீழே இறக்கிய பிறகுதான் மேலே மூச்சு விட முடிந்தது. மாங்குளத்தார் கவனிக்க வேண்டியது இதை: ஸ்டொக்ஹோம் மத்திய நிலையமும் கோட்டையைப் போல ஊடறுத்துப் போகிற நிலையம்தான். ஊடறுத்துப் போகிறது என்பதற்காகக் கழுத்து அகலமாகிவிடாது.

எதிர்மாறான உதாரணமும் சொல்கிறேன். நியூயோர்க்கில் கிராண்ட் சென்ட்ரலுக்கு அடியில் 2023 ஜனவரி 25 அன்று திறந்த கிராண்ட் சென்ட்ரல் மடிசன். பாறையைக் குடைந்து இரண்டு தட்டுகளில் 8 தண்டவாளங்கள், செலவு 1,100 கோடி டொலருக்கு மேல். அவ்வளவு செய்தும் அது முட்டு நிலையம். லோங் ஐலன்ட் ரயில் அங்கே வந்து திரும்புகிறது. மேலே நிற்கிற மற்ற ரயில் பாதைகளோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஓமந்தையார் கேட்பது எதை? ஸ்டொக்ஹோமையா, மடிசனையா?

ஓமந்தைக் கைகாட்டி:
ஸ்டொக்ஹோமைத்தான். தெமட்டகொடைப் பக்கத்தால இறங்கி, கோட்டைக்குக் கீழ நிண்டு, கொம்பனித்தெருப் பக்கம் ஏறி கரையோரப் பாதையில சேரவேணும். ராகமையில ஏறின ஆள் கோட்டையில இறங்காமலே பாணந்துறைக்குப் போகலாம்.

ஆனையிறவு:
முதலில் புகையைப் பற்றிக் கதைப்போம். இலங்கையில் மின்சார ரயில் ஒரு கி.மீ. கூட இல்லை. ஓடுவதெல்லாம் டீசல். பேர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் நிலையம் ஆழமான சுரங்கம்கூட இல்லை, மேலே மூடிக் கட்டிய நிலையம் மட்டும்தான். அங்கேயே டீசல் புகை பெரிய தலையிடி. ஆகவே புறநகர்ப் பாதைகள் முழுவதும் மின்மயமாகும்வரை கீழ் நிலையம் என்ற கதைக்கே இடமில்லை. ஒரு ரயில் டீசலாக மிஞ்சினாலும் அது மேலேதான் போகவேண்டும், கழுத்தும் அப்படியே இருக்கும்.

அடுத்தது தண்ணீர். கோட்டைக்கு ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் பேரை வாவி. நிலத்தடி நீர் 2 மீற்றரில் என்று வையுங்கள். 16 மீற்றர் ஆழத்தில் அடித்தளம் போட்டால் அதன் மேல் 14 மீற்றர் நீரின் உந்தல், அதாவது ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 14 தொன் மேல்நோக்கித் தள்ளும். மேடைப் பெட்டி 200 மீற்றர் நீளம், 25 மீற்றர் அகலம் என்றால் 5,000 சதுர மீற்றர். மொத்தம் 70,000 தொன். வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கியை மண்ணுக்குள் தாட்டால் மாரியில் அது எழும்பி வருமே, அதே கதைதான். கொங்கிரீட்டின் பாரத்தால் மட்டும் அமர்த்துவதென்றால் கிட்டத்தட்ட 6 மீற்றர் தடிப்பு வேண்டும். அதனால் பக்கச் சுவரை முதலில் ஆழ இறக்கி, அடித்தளத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிற பைல் (நிலத்துக்குள் ஆழ இறக்கும் தூண்) அடித்து, கூரைக்கு மேலே மண்ணும் போடுவார்கள். ஆபத்தான கட்டம் கட்டி முடிந்த பிறகு அல்ல, இடையில்: குழி தோண்டியாயிற்று, கூரைப் பாரம் இன்னும் ஏறவில்லை என்கிற மாதங்கள். அப்போது வெளியில் நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சுற்றியுள்ள நிலம் இறங்கும். கோட்டை நிலையக் கட்டிடம் 1917இல் திறந்தது. அதன் அத்திவாரம் சீரில்லாமல் இறங்கினால் சுவர் வெடிக்கும்.

மின்சாரத்தையும் நினையுங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க இருண்டது. கீழே நீரிறைக்கும் மோட்டர், காற்றோட்ட விசிறி, லிப்ட், விளக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு தனித்தனி மின்வழியும் ஜெனரேற்றரும் வேண்டும். உப்புத் தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் வடித்துவிட்டோம் என்று இருக்க முடியாது. 2012இல் சாண்டி புயல் நியூயோர்க் ரயில் சுரங்கங்களில் விட்டுப்போன உப்பு, கொங்கிரீட்டையும் கேபிளையும் ஆண்டுக்கணக்கில் அரித்தது.

ஓமந்தைக் கைகாட்டி:
மின்மயம் முதல் எண்டதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் தண்ணி ஒரு தடையில்லை, அது செலவு. பாங்கொக் நிலம் இளகின களி. அங்க 2004இல பாதாள ரயில் திறந்தவை. வெள்ளம் உள்ள வராமல் வாசலை நிலமட்டத்துக்கு மேல உயர்த்தி, ஏறி இறங்கிற மாதிரிக் கட்டினவை.

நெடுங்கேணி:
ஆள்கள் எப்படி இறங்கி ஏறுவது என்று ஒருவரும் கதைக்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி கோட்டையில் இறங்கிக் களனிவெளி ரயிலுக்கு மாறலாம். இப்போது அது மேம்பாலப் படியேறி இன்னொரு மேடைக்கு இறங்குகிற வேலை. களனிவெளிப் பாதையையும் கீழே போட்டால் 16 மீற்றர் இறக்கம். நகரும் படி 30 பாகைச் சரிவில் 32 மீற்றர் நீளம் வரும். செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றபடி போகவேண்டும். சக்கர நாற்காலிக்கும் மூட்டை முடிச்சுக்கும் லிப்ட்தான் வழி. மேடைக்கு ஒரு லிப்ட் போதாது. பழுதானாலும் திருத்தும் வேலை நடந்தாலும் ஓட இன்னொன்று வேண்டும்.

நெருப்பு வந்தால்? அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி என்.எஃப்.பி.ஏ. 130 மேடையை 4 நிமிடத்தில் காலி செய்யவும் 6 நிமிடத்தில் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் கேட்கிறது. நிறைந்த ஒபிஸ் ரயிலில் 1,500 பேர் என்றால் நிமிடத்துக்கு 375 பேர் ஏறவேண்டும். 1 மீற்றர் அகலப் படியில் நிமிடத்துக்கு 55 பேர் அளவுதான் ஏறுவார்கள். ஆக மொத்தம் 7 மீற்றர் அகலப் படி. நகரும் படி ஒன்று பழுதென்று கழித்துவிட்டுத்தான் இதைக் கணக்கெடுக்க வேண்டும். மேடை அகலத்தை இதுதான் தீர்மானிக்கும். 25 மீற்றர் அகலப் பெட்டிக்குள் 4 தண்டவாளமும் 2 மேடையும் இவ்வளவு படியும் அடங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

மாங்குளம் சந்தி:
அக்கா சொன்ன மகரகமக் கதைதான் என்ர முழு வாதமும். மேல இருக்கிற ஆள்களுக்கு உதவுறதெண்டு சொல்லி, மாறி ஏறுற ஆளை 16 மீற்றர் கீழ அனுப்பப்போறம். அந்தக் காசுக்கு வடக்குப் பாதையில நீளமான குறோசிங் பாதையும், காவலில்லாத கடவைகளுக்குத் தடையும், மாடு ஏறுற இடங்களில வேலியும் போடலாம். புளியங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில மாடு அடிபட்டு ரயில் நிக்கிறது கோட்டையால இல்லையே.

ஓமந்தைக் கைகாட்டி:
வேலியும் கடவையும் கட்டாயம் வேணும், அதில எனக்கு மறுப்பில்லை. நான் கேக்கிறது இப்ப காசில்லை, இடம். மருதானை தொடக்கம் கோட்டை வரை ஆரும் ஒரு மேம்பாலத் தூணோ உயர் கட்டிடப் பைலோ அந்தக் கோட்டில இறக்கிப்போட்டால் பிறகு ஒருநாளும் ஏலாது. நியூயோர்க்கில 63ஆம் தெருச் சுரங்கத்தின்ர கீழ்த் தட்டை 1970களிலயே கட்டி வைச்சதாலதான் மடிசனுக்கு ஆற்றைக் கடக்க வழி இருந்தது.

மாங்குளம் சந்தி:
அந்தக் கீழ்த் தட்டு 2023 வரைக்கும் ரயில் ஓடாமல் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கோ அண்ணை. வரைபடத்தில கோடு போட்டு ஒதுக்கிறதெண்டால் நானும் ஓம். கொங்கிரீட் போடுறதெண்டால் இல்லை.

முள்ளியவளை:
கோடு போடுவதானால் சரிவு எங்கே தொடங்கும் என்று முதலில் சொல்லுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தைப் போல 44க்கு 1 என்று எடுத்தாலும் 16 மீற்றர் இறங்க 700 மீற்றருக்கு மேல் வேண்டும். மேலும் கீழும் வளைவு எடுக்க இன்னும் கொஞ்சம். மருதானைக்கும் கோட்டைக்கும் இடையில் அது அடங்கும். ஆனால் களனிவெளிப் பாதை சேருவது மருதானையில். சரிவு மருதானைக்குப் பிறகு தொடங்கினால் அந்த ரயில் கீழே இறங்குமுன் மற்றப் பாதைகளை நிலமட்டத்திலேயே குறுக்கறுக்கும். அங்கே கழுத்து அப்படியே மிஞ்சும்.

ஆனையிறவு:
மறுமுனையும் இலேசில்லை. கோட்டைக்குத் தெற்கே பாதை பேரை வாவிக் கரையோடு போகிறது. மேலே ஏறிவருகிற அந்தத் திறந்த சரிவுதான் தண்ணீர் உள்ளே இறங்குகிற வாய். வெள்ள மட்டத்துக்கு மேலே சுவர் எழுப்பி, சுரங்க வாயில் வெள்ளக் கதவும் வைக்கவேண்டும்.

ஓமந்தைக் கைகாட்டி:
அப்ப சரிவு தெமட்டகொடையிலயே தொடங்கவேணும். மருதானையும் கீழ போகவேணும்.

மாங்குளம் சந்தி:
ஓம். அப்ப நீங்கள் கேக்கிறது ரெண்டு பாதாள நிலையம் அண்ணை. முதல் பதிவில இருந்தது ஒண்டு.