கோப்பையில பிரிஞ்ச பட்டர் சோஸ்
(ஒவ்வொரு பகுதிக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ர புனைபெயர்.)

கரைவலை
முல்லைத்தீவுக் கரையில இருக்கிற அந்த ஆறு மேசைப் பிரெஞ்சுக் கடையை இஞ்ச எல்லாருக்கும் தெரியும், நேரே விசயத்துக்கு வாறன். மத்தியானச் சாப்பாடு, கொடுவா மீன், மேல 'பேர் பிளான்' எண்டுற வெள்ளைப் பட்டர் சோஸ். கொண்டுவந்து வைக்கேக்க சோஸ் கட்டிப்பால் மாதிரி மீனில படிஞ்சு நிண்டது. முள்ளுக்கரண்டி எடுக்க முன்னம் கோப்பை விளிம்பில மஞ்சளாய் ஒரு எண்ணெய்க் கோடு. அந்தக் கோடு மெல்ல உள்ளுக்கு வந்து, நடுவில வெள்ளைத் துணிக்கையள் தனிய நிண்டு, கடைசியில மீன் எண்ணெயில மிதந்தது. மீனில ஒரு குறையும் இல்லை, சதை இதழ் இதழாய்க் கழண்டது. சோஸுக்கு மட்டும் என்ன நடந்தது? பட்டர் கூடாததோ, சமையலில பிழையோ? கன நாளாய் மனசில நிக்குது.

குசினிப்பக்கம்
எண்ணெய்க் கோடு விளிம்பில தொடங்கினது எண்டு எழுதியிருக்கிறியள், அதிலயே விடை இருக்கு. பட்டரில பிழை இல்லை. கோப்பை கொதிச்சிருக்கு.

பேர் பிளான் நாந்த் நகரத்துப் பக்கத்துச் சோஸ். மா இல்லை, முட்டை இல்லை. சின்ன வெங்காயம் 60 கிராம் பொடியாய் அரிஞ்சு, வெள்ளை வைன் 100 மில்லிலீற்றர், வெள்ளை வினாகிரி 50 மில்லிலீற்றர் விட்டு மெல்லிய நெருப்பில வத்த விடவேணும். ரெண்டு மேசைக்கரண்டி மிஞ்சினதும் நெருப்பை இன்னும் குறைச்சு, பிறிட்ஜில இருந்து அப்ப எடுத்த பட்டர் 200 கிராமைச் சின்னத் துண்டாய் வெட்டி, ரெண்டு ரெண்டு துண்டாய்ப் போட்டு அடிக்கவேணும். முதல் துண்டு கரைஞ்சு மறைஞ்ச பிறகுதான் அடுத்தது. பட்டரில ஐஞ்சில நாலு பங்கு கொழுப்பு, மிச்சம் தண்ணியும் கொஞ்சப் பால் புரதமும். அந்தக் கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத துளியளாய் அந்தக் கொஞ்சத் தண்ணிக்குள்ள பிடிச்சு வைக்கிறதுதான் முழு வேலையும்.

60 பாகைக்கு மேல போனால் துளியள் ஒண்டோடொண்டு சேர்ந்து எண்ணெயாய் ஓடும். 30க்குக் கீழ இறங்கினால் கொழுப்பு இறுகிக் கட்டிபடும். 50 பாகையில வைச்சிருக்கவேணும்: விரல் வைச்சால் நல்ல சூடு தெரியும், ஆனால் விரலை இழுக்கத் தோணாது. பிரான்சில கோப்பையைச் சூடாக்கி வைக்கிறது வழக்கம், குளிர் நாட்டில அது தேவை. அதே பழக்கத்தில இஞ்சயும் காஸ் அடுப்புக்கு மேல் தட்டில கோப்பையளை அடுக்கினால் அது 80 பாகைக்குப் போயிடும். மீனுக்கு மேல இருக்கிற சோஸ் தப்பும், வெறுங்கோப்பையில படுற விளிம்புச் சோஸ்தான் முதல்ல பிரியும். நீங்கள் கண்டது அதுதான். வெளியில 33 பாகை நிக்கேக்க கோப்பையைச் சூடாக்கவே தேவையில்லை.

பிரிஞ்சதைத் திருப்பலாம். வேற ஒரு சட்டியில ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணி அல்லது கிறீம் விட்டு, பிரிஞ்ச சோஸைக் கரண்டி கரண்டியாய் அதுக்குள்ள விட்டு அடிக்கச் சேரும். மேசைக்கு வந்த பிறகு வழியில்லை, திருப்பி அனுப்புறதுதான் சரி. அதில வெட்கப்பட ஒண்டுமில்லை.

இன்னொண்டு. இஞ்ச கடையளில பெரும்பாலும் கிடைக்கிறது உப்புப் பட்டர். 200 கிராமுக்குள்ள 3, 4 கிராம் உப்பு ஏற்கனவே கிடக்கு. மேல உப்புப் போட்டால் சோஸ் பிரியாட்டிலும் வாயில வைக்கேலாது. வைன் லைசன்ஸ் இல்லாத கடை வைனுக்குப் பதிலாய் மீன் முள்ளு அவிச்ச தண்ணியும், கடைசியில நாலு துளி தேசிக்காய்ப் புளியும் விடலாம்.

போறணை
சோஸைப் பற்றி இவ்வளவு கதைக்கிறியள், அந்த மேசையில வைச்ச பாணை ஒருத்தரும் பாக்கேல்லையோ? பகெத் (நீட்டுப் பிரெஞ்சுப் பாண்) எண்டு கூடையில வந்ததைக் கையால மடிக்க முறியாமல் வளைஞ்சது. ரப்பர் குழாய் மாதிரி வளைஞ்சு திரும்ப நிமிந்தது. முறியேக்க சத்தம் கேக்காத பாண் பகெத் இல்லை.

'பாரம்பரியப் பிரெஞ்சுப் பாண்' எண்ட பேருக்கு 1993இல பிரான்சில அரசாணையே வந்தது: மா, தண்ணி, உப்பு, நொதிக்கிறதுக்கு ஈஸ்ட் அல்லது புளிச்ச மா, வேற கலவை மருந்து கூடாது. சாமான் குறையக் குறைய வெப்பநிலைதான் எல்லாத்தையும் முடிவு செய்யுது. பிரெஞ்சு வெதுப்பகங்களில ஒரு கணக்கு வைச்சிருக்கினம்: மாவின்ர பாகை, அறையின்ர பாகை, தண்ணியின்ர பாகை மூண்டையும் கூட்டினால் ஒரு குறிச்ச எண் வரவேணும். கையால குழைக்கிறதுக்கு 66 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. மெசினில குழைச்சால் உராய்வுச் சூடு சேரும், எண்ணைக் குறைக்கவேணும். எங்கட இடத்தில மா 31, அறை 31. மிச்சம் 4. அப்ப தண்ணி 4 பாகையில இருக்கவேணும், கிணத்துத் தண்ணி சரிவராது. ஒரு கிலோ மாவுக்கு 650 கிராம் தண்ணி எண்டால், அதில 145 கிராம் ஐஸ், மிச்சம் 505 கிராம் 28 பாகைத் தண்ணி. ஐஸ் முழுக்கக் கரைஞ்ச பிறகுதான் மாவில விடவேணும். உப்பு 18 கிராம், உலர் ஈஸ்ட் 4 கிராம் காணும். சூட்டுக்குப் பயந்து ஈஸ்டைக் கூட்டினால் ஒரு மணித்தியாலத்தில பொங்கி, வாசமே வராமல் புளிச்சுப்போகும்.

350 கிராம் குழைச்ச மா உருட்டினால் வெந்து 250 கிராம் பாண் வரும். பிளேட்டால கீறேக்க நேர குத்தி வெட்டாமல் சரிச்சுப் பிடிச்சு, தோலை மட்டும் உரிக்கிற மாதிரிக் கீறவேணும், அப்பதான் காது மாதிரி எழும்பும். 250 பாகை, தொடக்கத்தில நல்ல ஆவி. எங்கட விறகுப் போறணையில வாசல் பக்கம் ஒரு தட்டுத் தண்ணி வைச்சாலே ஆவி வரும். ஆவி பாண் தோலை இளக வைச்சு விரிய விடுது, மினுக்கமும் தருது. ஆனால் கடைசி ஐஞ்சு நிமிசம் வாசலைத் திறந்து அந்த ஆவியை வெளியில விடாட்டித் தோல் காயாது. அந்தக் கடைப் பாண் வளைஞ்சதுக்கு இது ஒரு காரணமாய் இருக்கலாம். மற்றக் காரணம் நிச்சயம்: சூட்டோட பொலித்தீன் பையில போட்டிருக்கினம், கூடைக்குள்ளயே பையின்ர ஈரம் இருந்தது. கடற்காத்துக்குக் கடதாசிப் பையில வைச்சாலும் மூண்டு மணித்தியாலத்தில தோல் இளகும், உள்ளுக்கிருக்கிற ஈரமும் தோலுக்குத்தான் வரும். மேசைக்குக் கொண்டுபோக முன்னம் 200 பாகையில நாலு நிமிசம் வைச்சு எடுத்தால் திரும்ப முறியும். யாழ்ப்பாணத்து ரோஸ் பாண் சாப்பிட்டு வளந்த சனத்துக்கு மொறுமொறுப்பு எண்டால் என்ன எண்டு சொல்லித்தரத் தேவையில்லை, அதனாலதான் இந்தப் பாண் இவ்வளவு கவலையாய் இருக்கு.

களப்பு
மட்டி. அதே கடை. வெங்காயம், உள்ளி, பட்டர் போட்டு மூடி அவிச்சது, வாசம் தெருவரைக்கும். முதல் மட்டி அருமை. ரெண்டாவதைக் கடிக்க பல்லுக்குள்ள மண் 'கறுக்' எண்டது. அதுக்குப் பிறகு எவ்வளவு வாசமாய் இருந்தாலும் மனம் கடிக்கப் பயப்பிடும்.

மண் கக்க வைக்கிறதில மூண்டு பிழை வழமையாய் நடக்குது. குழாய்த் தண்ணியில ஊற வைக்கிறது முதலாவது. நல்ல தண்ணியில மட்டி வாயை இறுக்கி மூடிச் சாகும், கக்காது. லீற்றருக்கு 30 கிராமில இருந்து 35 கிராம் வரை கல்லுப்பு, ஆனையிறவு உப்பு எண்டால் திறம். அதுகூடக் கடலோட ஒட்டின பக்கத்து மட்டிக்குத்தான். மழை பெய்ஞ்சு களப்புத் தண்ணி இனிச்சுக் கிடக்கிற காலத்தில பிடிச்ச மட்டிக்கு இந்த உப்பு கூடிப்போகும், அதுகும் வாய் திறக்காது. ஆகவே பிடிச்ச இடத்துத் தண்ணியையே ரெண்டு வாளி சேர்த்து அள்ளிக்கொண்டு வாறதுதான் நிச்சயமான வழி.

ரெண்டாவது, ஆழமான வாளியில குவிச்சு வைக்கிறது. மேல இருக்கிறது கக்கினதைக் கீழ இருக்கிறது திரும்ப இழுக்கும். அகலத் தட்டில, அடியில ஓட்டை அரிதட்டு வைச்சு, ஒரு படை மட்டும் பரப்பி, ரெண்டு விரல் தண்ணி. சாக்கால மூடி இருட்டாக்கவேணும். மூண்டு மணித்தியாலம், நடுவில ஒருக்கால் தண்ணி மாத்தவேணும். எங்கட சூட்டில தண்ணியில காத்துக் கெதியாய்க் குறையும், விடியும்வரை விட்டால் செத்த மட்டிதான் மிஞ்சும்.

மூண்டாவது, எடுக்கேக்க தட்டோட சரிச்சு ஊத்துறது. மண்ணும் சேர்ந்து வரும். கையால தூக்கி எடுக்கவேணும். அவிக்க முன்னம் திறந்து கிடக்கிறதைத் தட்டிப் பாக்கவேணும், மூடாட்டி எறியவேணும். அவிச்ச பிறகு திறக்காததையும் எறியவேணும். பெரிய நெருப்பு, மூடி, நாலு நிமிசம். அந்தச் சாறைத் துணியில வடிச்சுத்தான் பட்டர் போடவேணும்.

குசினிப்பக்கம் சொன்ன வைன் விசயத்தில எனக்கு வேற கருத்து. மீன் முள்ளுத் தண்ணியும் தேசிக்காயும் மட்டிக்குச் சரிவராது. தேசிக்காய் நெருப்பில கசக்கும். மட்டிக்குக் கள்ளு வினாகிரி ரெண்டு மேசைக்கரண்டி தண்ணியில கலந்து விட்டால் வைன்ர இடத்தை நிரப்பும், எங்கட ஊர் வாசமும் வரும்.

கூழ்ச்சட்டி
மார்செய் மீன் சூப் எண்டு பலகையில எழுதியிருந்தது. ஒரே சட்டியில மீனும் நண்டும் சாறும் சேர்ந்து வந்தது, நடுவில ஒரு நண்டுக் கால் நிமிந்து நிண்டது. பக்கத்து மேசை ஐயா "இது எங்கட கூழ் தானே தம்பி" எண்டார். அவர் சொன்னது சரி. கூழுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பேரைத் தவிர?

குசினிப்பக்கம்
களப்பு, கள்ளு வினாகிரி மட்டிக்குச் சரி, ஒப்புக்கொள்ளுறன். ஆனால் நான் தேசிக்காயைக் கடைசியில எண்டுதான் எழுதினனான், நெருப்பு நிப்பாட்டின பிறகு எண்டதுதான் கருத்து.

கூழ்ச்சட்டி, ஐயாவோட நிண்டு வாதாடுவன். ரெண்டும் கடற்கரைச் சனம் விலைபோகாத மீனை வைச்சுச் சமைச்ச சாப்பாடு, அந்தளவில உறவு. ஆனால் சாறு எதால கட்டிப்படுது எண்டு பாருங்கோ. கூழில ஒடியல் மா. ஊற வைச்சுக் கசப்பை இறுத்து, பழப்புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்து, மாவு வெந்து கட்டிப்படும். மார்செய்க்காரரின்ர மீன் சாப்பாடான பூயாபேஸில மாவே இல்லை. சின்ன வெள்ளை மீன்கள், தலை, முள்ளு எல்லாத்தையும் வெங்காயம், தக்காளி, உள்ளி, பெருஞ்சீரகம், குங்குமப்பூவோட ரெண்டு லீற்றர் தண்ணியில அவிச்சு, 100 மில்லிலீற்றர் ஒலிவ் எண்ணெய் விட்டு, முழு நெருப்பில 10 நிமிசம் குமுறக் கொதிக்க விடவேணும். அந்தக் குமுறலில எண்ணெய் உடைஞ்சு, முள்ளில இருந்து இறங்கின பசையோட சேர்ந்து சாறு கட்டிப்படும். மெல்ல வேக விட்டால் எண்ணெய் மேல மிதக்கும். பேர் பிளானுக்கு ஆகாத கொதிப்பு இதுக்குத் தேவை.

1980இல மார்செய் கடைக்காரர் சேர்ந்து ஒரு சாசனம் எழுதினவை: குறைஞ்சது நாலு வகை மீன், சாறு வேற, மீன் வேற கோப்பையில, காய்ஞ்ச பாண் துண்டில 'ரூய்' எண்டுற உள்ளி மிளகாய் அரைப்பு. ஒரே சட்டியில சேர்ந்து வந்தது எண்டால் அது மீன் சூப் தான், நல்லாய் இருந்தாலும் பூயாபேஸ் எண்ட பேருக்கு உரியதில்லை. அவையின்ர ரஸ்காஸ் மீன் இஞ்ச இல்லை. பதிலுக்குக் கலவாய்த் தலை, பசை நிறைய இறங்கும். சூடை, அறக்குளா மாதிரி எண்ணெய் மீன் போட்டால் சாறு கறுத்து வெடுக்கு வரும், அதை மட்டும் செய்யவேண்டாம்.

பாலைநிழல்
சாப்பாட்டுப் பலகையை வாசிக்கிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. பிரெஞ்சில 'ஒந்த்ரே' எண்டால் முதல் கோப்பை, சின்னது. அமெரிக்காவில அதே சொல் பிரதான சாப்பாடு. அதை நம்பிக் கேட்ட மேசைக்கு மூண்டு இறால் வந்து நிண்டதைக் கண்டிருக்கிறன், முகங்கள் வாடிப்போச்சு. பிரதானம் 'பிளா'. 'மெனு' எண்டால் முழுப் பட்டியல் இல்லை, ஒரே விலைக்கு முதலும் நடுவும் இனிப்பும் சேர்ந்த தொகுதி. தனித்தனியாய் எடுக்கிறது 'கார்த்'. மாட்டிறைச்சி சாப்பிடுற ஆக்களிட்ட வேக்காடு கேப்பினம்: 'செஞ்ஞான்' எண்டால் உள்ளுக்கு 50 பாகை, சிவப்புத் தெரியும், 'பியான் கூயி' நல்லாய் வெந்தது. தெரியாமல் தலையாட்டிப்போட்டுப் பிறகு திருப்பி அனுப்புறதிலும் பாக்க முதலே கேக்கலாம்.

வாடைக் காலத்தில, கார்த்திகை மார்கழியில, கடல் கொந்தளிச்சுப் படகு இறங்காத நாளில மீன் கோப்பை எடுக்கவேண்டாம். ஐஸ் மீன் தான் வரும். களப்பு இறால், நண்டு எது வந்தது எண்டு கேட்டு அதை எடுங்கோ.

கரைவலை
குசினிப்பக்கத்துக்கு நன்றி. வெள்ளிக்கிழமை திரும்ப அதே கொடுவா. கோப்பையைச் சூடாக்காமல் தரச் சொல்லிக் கேட்டதுக்கு அந்தத் தம்பி கோவிக்கேல்லை, உள்ளுக்குப் போய்ச் சொன்னார். சோஸ் கடைசி வாய் வரைக்கும் பிரியேல்லை. பாண் இன்னும் வளையுது. போறணை, அந்த ஐஸ் கணக்கைக் கடதாசியில எழுதித் தாங்கோ, கொண்டுபோய்க் குடுக்கிறன்.