தாராவியை உண்டாக்கியவர்கள் யார்?

நெல்லைப் பேரன்:
என் தாத்தா பம்பாய் தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்தவர். "அந்த இடத்தை உண்டாக்கியதே நாம்தான்" என்பார். உண்மைதானா? அங்கே போன நம்மவர்கள் வறுமையிலிருந்து எப்படி மீண்டார்கள்? அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்.

சயான் வாசகர்:
முதலில் இருந்தவர்கள் கோலி மீனவர்கள். அவர்கள் குடியிருப்பான கோலிவாடா இன்றும் இருக்கிறது. மித்தி ஆற்றுச் சதுப்பு தூர்ந்ததும் அவர்கள் தொழில் போயிற்று. நெல்லைத் தமிழர்களும் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிக் குயவர்களும் பின்னால் வந்தவர்கள். பெரிய மசூதி 1887இல் எழுந்தது, தமிழர்களின் பிள்ளையார் கோயில் 1913இல்.

தொண்ணூறடிச் சாலைக்காரி:
தம்பி, தாத்தா சொன்னதில் பாதி நியாயம் உண்டு. சதுப்பில் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் குடியேறிய ஏழைகளில் நம்மவர்களும் உண்டு.

நான் பிறந்தது அங்கேதான். அம்மாவுக்கு இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவாள். இருப்பதே ஓர் அறை. இட்லி ஆறுவதற்கு இடம் விட்டு, பிள்ளைகள் சுவரோரம் ஒடுங்கிப் படுப்போம். ஐந்து மணிக்கு அப்பா அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கையில் சட்னித் தூக்குடன் மாதுங்காப் பக்கம் கிளம்புவார். மிஞ்சிய காசு சீட்டுக்குப் போகும். முதல் சீட்டில் கிரைண்டர் வந்தது. அடுத்த சீட்டில் மாடி எழுந்தது. மாடியை உத்தரப்பிரதேசத்துத் தையல்காரர்களுக்கு விட்டோம். அந்த வாடகையில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எங்களுக்கு வீடேதான் பட்டறை.

பொங்கல் பானை குயவர்கள் குடியிருப்பான கும்பார்வாடாவில் வாங்குவோம். பானை விற்கும் குஜராத்திப் பாட்டி ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஓசை கணீரென்று இருந்தால்தான் அம்மா கையில் தருவார்.

சயான் வாசகர்:
குடிசைகளை இடித்து அடுக்குமாடி கட்டும் தாராவி மறுசீரமைப்பில் 350 சதுர அடி வீடு தருகிறார்களே, அது முன்னேற்றம் இல்லையா?

தொண்ணூறடிச் சாலைக்காரி:
வீட்டுக்குள் கழிப்பறை வருவது பெரிய காரியம். பொதுக் கழிப்பறை வரிசையில் வாளியோடு நின்றவள் நான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் தாராவியிலேயே அந்த இலவச வீடு, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். எங்கள் மாடித் தையல்காரர்கள் எங்கே போவார்கள்? பத்தாவது மாடியில் குயவர் சூளை மூட்ட முடியுமா? இதற்குப் பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

நெல்லைப் பேரன்:
நன்றி அக்கா. தாத்தா வேலை செய்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

தொண்ணூறடிச் சாலைக்காரி:
பொங்கலன்று வாருங்கள். சாலையோரம் வரிசையாகப் பானை வைத்திருப்போம்.