இரண்டு மாதத்துக்கு 560 யூனிட்: முதலில் மாற்ற வேண்டியது ஃபேனா, ஃபிரிட்ஜா?

வைகைக்கரை:
மதுரையில் மாடி வீடு, நான்கு பேர், ஏசி கிடையாது. இரண்டு மாத ரீடிங் 560 யூனிட் வருகிறது. 500-க்குள் வந்தால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான மானியமும் கிடைக்கும், அதனால் 60, 70 யூனிட்டாவது குறைக்கப் பார்க்கிறேன். வீட்டில் இருப்பவை: பழைய ஃபேன் நான்கு (பெரிய பெட்டி ரெகுலேட்டர்), 2009-ல் வாங்கிய 240 லிட்டர் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், 15 லிட்டர் கெய்சர். கையில் 10,000 ரூபாய்தான். எதில் தொடங்கலாம்?

பேஸ்_நியூட்ரல்:
எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள் சார். மீட்டர் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று துடிக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். உங்களுடையது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்கிவிட்டு ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட விடுங்கள். 10 துடிப்புக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 150 விநாடி என்றால் 75 வாட். மீட்டரில் வேறு எண் இருந்தால் 3,60,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, வருவதை 11,250-க்குப் பதிலாகப் போடுங்கள்.

ஃபிரிட்ஜை இப்படி அளக்க முடியாது. கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் கணக்கு தவறிவிடும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வாங்கி, 24 மணி நேரம் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை:
பார்த்துவிட்டேன். ஃபேன் 10 துடிப்புக்கு 140 விநாடி. எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்த பிறகும் 45 விநாடிக்கு ஒருமுறை விளக்கு துடிக்கிறது. இந்த முறை இன்வெர்ட்டர் பிளக்கை மட்டும் எடுக்கவில்லை.

பேஸ்_நியூட்ரல்:
ஃபேன் 80 வாட். அணைத்த பிறகும் ஓடுவது 25 வாட். இரவு பகலாக 60 நாள் ஓடினால் 36 யூனிட், உங்களுக்குத் தேவையானதில் பாதி! இன்வெர்ட்டர் பிளக்கை எடுத்துப் பாருங்கள். துடிப்பு நின்றால் காரணம் அதுதான். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். பேட்டரி பழசாகிவிட்டால் முழுதாக ஏறிய பிறகும் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பிளக்கை எடுத்தும் துடித்தால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். அது ஆபத்து, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மாடித்தோட்டம்_செல்வி:
ஃபேன் விஷயத்தில் நான் சொல்வது: நான்கையும் மாற்ற வேண்டாம். தினமும் 12 மணி நேரம் ஓடும் மூன்றை மட்டும் 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள) ஃபேனாக மாற்றுங்கள். ஃபேனுக்கு 50 வாட் மிச்சம், மூன்றுக்கும் 60 நாளில் 108 யூனிட். ஒன்று 3,000 ரூபாய் அளவில் கிடைப்பதால் உங்கள் பணத்துக்குள் அடங்கிவிடும். ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் ஃபேனில் கை வைக்காதீர்கள், போட்ட காசு திரும்பாது.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலிருந்து நேராக லைன் கொடுக்கச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ரெகுலேட்டர் வழியாகப் போனால் உள்ளே இருக்கும் போர்டுக்குச் சரியான வோல்டேஜ் கிடைக்காது. ஃபேன் இரையும், சீக்கிரமே போர்டு போகும். பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது கரண்டைச் சூடாக்கித்தான் வீணடிக்கிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும். நான்காவது ஃபேனுக்கு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டால் போதும். கழற்றிய ஃபேனைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே செப்புக் கம்பி இருக்கிறது; பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

குளிர்ச்சி_சர்வீஸ்:
ஃபிரிட்ஜை இப்போது மாற்ற வேண்டாம் சார். கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் கேஸ்கெட் (கதவு ஓரத்து ரப்பர்) தளர்ந்துவிட்டது. அதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள்; அப்போதும் பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அங்கிருக்கும் கம்பிச் சுருளில் (coil) படிந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் 24 மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டினால், அடுத்த போனஸில் ஃபிரிட்ஜைப் பார்க்கலாம்.