கட்டமரான் மாதிரிப் படகுக்கு ஜெட்டா, புரொப்பெல்லரா?

செந்தூல்வாசி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். தாஸ்மானியாவில் இன்கேட் நிறுவனம் கட்டி 2013இல் வெளிவந்த பிரான்சிஸ்கோ என்னும் இரட்டையுடல் பயணக் கப்பலை 1:100 அளவில் ரிமோட் படகாகச் செய்து வருகிறேன். மூலக் கப்பலின் நீளம் 99 மீட்டர் என்பதால் என் படகு 99 செ.மீ.; உடல் ஒவ்வொன்றும் 6 செ.மீ. அகலம், பேட்டரியோடு 1.8 கிலோ வரும். மூலக் கப்பல் ஜெட்டில் (அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் குழாயில்) ஓடுவதால் நானும் உடலுக்கு ஒன்றாக 28 மி.மீ. ஜெட் இரண்டைப் பொருத்த எண்ணியிருக்கிறேன். அடிப்புறத்தில் ஒருமுறை துளையிட்டுவிட்டால் பின்வாங்க முடியாது என்பதால், அதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

பட்டர்வொர்த் படகோட்டி எழுதியது:
துளையிடாதீர்கள் தம்பி. ஜெட் குழாய்க்குள் நிற்கும் நீரும் படகு சுமக்கும் எடைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 28 மி.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் உள்ள குழாயில் ஏறக்குறைய 90 கிராம் நீர் நிற்கும். இரண்டிலும் சேர்த்தால் உங்கள் படகின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் முழுவதும் பின்புறத்தில்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேகத்தில் இருக்கிறது. பிரான்சிஸ்கோவின் உச்ச வேகம் 58 நாட், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். நீளத்தை நூறில் ஒன்றாக்கினால் வேகத்தைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும் என்பதால், உங்கள் படகு நொடிக்கு 3 மீட்டர் ஓடினாலே அலையும் நுரையும் மூலக் கப்பலைப் போலத் தெரியும். அவ்வளவு மெதுவாக ஓடும் படகிலிருந்து நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் நீரைப் பீய்ச்சினால், உராய்வைக் கணக்கில் எடுக்காமலேயே, பாதிச் சக்தி பின்னால் ஓடும் நீரோடு போய்விடுகிறது. 35 மி.மீ. புரொப்பெல்லர் இரண்டு இதே வேலையை அமைதியாகச் செய்யும்.

கெப்போங் ஏரிக்கரையார் எழுதியது:
அண்ணனின் கணக்கில் பிழையில்லை. ஆனால் 9 மீட்டர் என்பது அவராக எடுத்துக்கொண்ட எண். நாசிலை (நீர் வெளியேறும் வாயை) 20 மி.மீ. ஆக அகலப்படுத்தி, குறைந்த கேவி (ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்னும் அளவு) உள்ள மோட்டாரைப் போட்டு, நீரை 6 மீட்டர் வேகத்தில் விட்டால் வீணாவது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த நிலையில், படகு 3 மீட்டர் வேகத்தில் ஓடும்போதுகூட ஒரு ஜெட் ஏறத்தாழ 570 கிராம் விசை தரும். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டும். 1.8 கிலோ படகுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் ஏரியில் புரொப்பெல்லரின் எதிரி தூண்டில் நரம்பு. சென்ற மாதம் தண்டில் சுற்றிய நரம்பு ரப்பர் உறையைக் கிழித்து, உடலுக்குள் நீர் புகுந்து, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே போய்விட்டது. நியூசிலாந்தில் ஹாமில்டன் 1950களில் ஜெட் படகை உருவாக்கியதே புரொப்பெல்லர் தரைதட்டும் ஆழமற்ற ஆறுகளுக்காகத்தானே?

பட்டர்வொர்த் படகோட்டி எழுதியது:
அந்த ஆறுகளில் ஓடியவை ஒற்றையுடல் படகுகள். இரட்டையுடல் படகில் இரண்டு உடல்களுக்கும் நடுவே நுரைத்து வரும் நீர், வளைவில் திரும்பும்போது உள்ளுடலின் அடியில் புகுந்து உறிஞ்சுவாய்க்குக் காற்றை ஊட்டிவிடும். புரொப்பெல்லர் கொஞ்சம் காற்றைத் தாங்கும். ஜெட் காற்றை விழுங்கிய நொடியிலேயே விசை முழுவதையும் இழந்துவிடும். விசை போனால் திருப்பும் வசதியும் போய்விடும், ஏனென்றால் உங்களிடம் சுக்கான் கிடையாது. மேலும், நாம் படகு விடும் பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளின் ஓரமெல்லாம் மணல். இம்பெல்லருக்கும் (ஜெட்டுக்குள் சுழலும் விசிறிக்கும்) குழாய்ச் சுவருக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் அது புகுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

கெப்போங் ஏரிக்கரையார் எழுதியது:
மணலை ஒப்புக்கொள்கிறேன், என் இம்பெல்லரின் ஓரம் அரம் போட்டது போல ஆகிவிட்டது. முழங்கால் ஆழத்துக்கு இறங்கிப் படகை விடுவதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

காற்று விஷயம் வேறு. நீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும் பந்தயக் கட்டமரானுக்கு நானும் ஜெட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். பயணக் கப்பல் மாதிரியோ நீரில் அமிழ்ந்தே ஓடுகிறது. என் முதல் படகிலும் மோட்டார் திடீரென்று கீச்சிடும், படகு நகராது. அண்ணன் சொன்ன நுரைதான் காரணம் என்று நானும் இரண்டு வாரம் நம்பினேன். பிறகு படகைக் கவிழ்த்து விரலால் தடவிப் பார்த்தபோது, உறிஞ்சுவாயின் முன்விளிம்பு உடலைவிட ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. பசை பூசி, தேய்த்துச் சமமாக்கிய பின் அந்தக் கீச்சொலி வரவில்லை. தம்பி கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: படகு நிற்கும்போது இம்பெல்லரில் பாதியாவது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஜெட் நீரை இழுக்கத் தொடங்கவே தொடங்காது.

பட்டர்வொர்த் படகோட்டி எழுதியது:
ஒரு படகில் ஒரு விளிம்பைத் தேய்த்ததை வைத்து நுரையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. (கட்டுமரம் என்ற நம் சொல்தான் கடல் கடந்து கட்டமரானாகத் திரும்பி வந்தது என்றாலும், நம்முடையதில் இப்படி நடுவே நுரைக்கும் சந்து கிடையாது.)

செந்தூல்வாசி எழுதியது:
இருவருக்கும் நன்றி. உடலில் இப்போதைக்குக் கை வைக்கப்போவதில்லை. ஜாலான் பாசாரில் மோட்டார் வாங்கி, ஒரு ஜெட்டை மட்டும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஒட்டி, வீட்டு நீலத் தொட்டியில் மிதக்கவிட்டு, மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசில் கட்டி இழுவிசையை அளக்கப் போகிறேன்.

பட்டர்வொர்த் படகோட்டி எழுதியது:
நல்லது. இழுவிசையோடு மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, அதே மோட்டாரில் 35 மி.மீ. புரொப்பெல்லரை மாட்டி இன்னொரு முறை அளந்து இரண்டையும் இங்கே போடுங்கள். ஆனால் தொட்டியில் படகு நின்ற இடத்திலேயே நிற்கிறது. வளைவில் வரும் நுரையை அந்தத் தராசு காட்டாது.